ஆட்டத்துக்கு முதுகைக் காட்டும் வேலை

சென்னையில் சனிக்கிழமை காலையைக் கழிக்க ஆயிரம் இடம் இருக்கிறது. முக்கால்வாசியைச் சுற்றிப் பார்த்தவள் சொல்கிறேன்: தென்சென்னையில் ஒரு தெருக்கோடியில், தகரக் கூரை போட்ட கூடத்தில், மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்கள் போச்சியா ஆடுகிறார்களே, அந்த இடத்துக்கு ஈடு இணை கிடையாது. அங்கே நான் வாலண்டியர். இதைச் சொன்னால் எங்கள் ஆபீஸில் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "ரொம்பப் புண்ணியம்மா" என்கிறார்கள். என்ன புண்ணியம்? டிக்கெட் போட்டு விற்றாலும் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். ஐ.பி.எல். பார்க்க சேப்பாக்கம் போகிறவனிடம் யாராவது புண்ணியம் என்கிறார்களா?

போச்சியா என்றால் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதற்காகத்தானே காத்திருக்கிறேன். 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் தரையில் டேப் ஒட்டிய களம். ஒரு பக்கத்துக்குச் சிவப்புப் பந்து 6, எதிர்ப்பக்கத்துக்கு நீலப் பந்து 6, பொதுவில் ஒரே ஒரு வெள்ளைப் பந்து. முதலில் வெள்ளையைக் களத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு யாருடைய பந்து அதை ஒட்டிப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. யார் பின்தங்கியிருக்கிறாரோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். இவ்வளவுதான் விதி, குழந்தைக்கும் புரியும். ஆனால் ஆட ஆரம்பித்தால் தெரியும் அதன் வில்லங்கம். எதிராளியின் பந்தைத் தட்டி விரட்டலாம். தன் பந்தையே பின்னாலிருந்து முட்டி முன்னே தள்ளலாம். எதுவுமே சரிப்படவில்லையென்றால் வெள்ளையையே இடித்து மூலைக்குக் கொண்டுபோய், அதுவரை நடந்த ஆட்டத்தை ஒரே வீச்சில் செல்லாக்காசாக்கலாம்! பந்து சுமார் 275 கிராம். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள், அதனால் துள்ளாது, உருளும். சுருக்கம் விழுந்த தோலோடு உள்ளங்கையில் மொத்தென்று உட்கார்ந்துகொள்ளும். முதல்முறை கையில் வாங்கியபோது திருப்பிக் கொடுக்கவே மனசு வரவில்லை.

1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம் இது. பாராலிம்பிக்கில் உள்ள பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒலிம்பிக்கில் ஒரு ஜோடி உண்டு. போச்சியாவுக்குக் கிடையாது, பார்வையற்றோர் ஆடும் கோல்பாலுக்கும் கிடையாது. கை கால் நன்றாக இருப்பவர்களின் விளையாட்டை வெட்டிச் சுருக்கித் தந்ததல்ல என்பதில் எங்கள் கூடத்துக்காரர்களுக்கு ஒரு தனி மிடுக்கு.

ஆட்டக்காரர்களை உடல் இயக்கத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். கையால் வீசுகிறவர்கள் உண்டு. எங்கள் கூடத்தில் 'மேடம்' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு அம்மா இருக்கிறார், காலால் உதைத்து ஆடுவார். விதிப்படி அதற்கும் இடமுண்டு. பாதத்தை ஒருமாதிரி வளைத்து, பெருவிரலால் பந்தை ஒரு நெட்டு நெட்டுவார் பாருங்கள், நாலு மீட்டர் தள்ளி, சொல்லிவைத்த இடத்தில் போய் நிற்கும். கையாலோ காலாலோ பந்தை அனுப்பவே முடியாதவர்களுக்கு மூன்றாவது வகை, பி.சி.3. இவர்கள் ஒரு சாய்தளத்தின் வழியாகப் பந்தை உருட்டிவிடுவார்கள். கூடத்தில் எல்லோரும் 'ரேம்ப்' என்கிறோம். எங்கள் ரேம்ப் குழாயை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து செய்தது. ஆளுயரம் இருக்கும். கூடத்துக்கு வரும் கார்ப்பென்டர் தம்பியின் கைவண்ணம், வார்னிஷ் எல்லாம் அடித்து ஜம்மென்று நிற்கிறது.

இந்த மூன்றாவது வகைக்காரர்தான் கேப்டன். பெயர் வேண்டாம் என்று அவரே உத்தரவு போட்டுவிட்டார், கேப்டன் போதுமாம். நாற்பது வயது. மூளை முடக்குவாதம் பிறப்பிலிருந்தே. அது நாளாக நாளாகப் பரவும் வியாதி இல்லை. வளரும் மூளையில் பிறப்புக்கு முன்னோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்பட்டுவிட்ட சேதம். தசைக்குப் போக வேண்டிய கட்டளை வழியில் குழம்பிப்போகிறது. கேப்டன் கையை நீட்ட நினைத்தால் கழுத்து திரும்பும், பேச நினைத்தால் தோள் குலுங்கும். குரல் வரும், சொல் வராது. ஆனால் மூளைக்குள் சதுரங்கக் காய்கள் எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருக்கும். நெற்றியில் பட்டை கட்டி, அதில் ஒரு குச்சி பொருத்தியிருக்கும். ரேம்ப் உச்சியில் வைத்த பந்தை அந்தக் குச்சியால் பிடித்திருந்து, தலையை ஓர் இம்மி தூக்கினால் பந்து விடுபட்டு ஓடும். பந்தைக் கடைசியாகத் தொடுகிறவர் ஆட்டக்காரராகத்தான் இருக்க வேண்டும். அதுவும் விதி.

இனிமேல்தான் என் வேலை வருகிறது. உலகத்திலேயே அழகான வேலை! ரேம்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னபடி நகர்த்துவது. ஆனால் நான் களத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. ஓரக்கண்ணால்கூடக் கூடாது. யோசனை சொல்லக்கூடாது. முகத்தைச் சுளித்து ஜாடை காட்டக்கூடாது. பந்து எங்கே போனது, எதிராளி எங்கே நிற்கிறார், வெள்ளை எந்தப் பக்கம் கிடக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. பாராலிம்பிக்கிலும் இதே விதிதான். எனக்குத் தெரிவதெல்லாம் எதிரே இருக்கும் கேப்டனின் முகம். அவர் கண் இடப்பக்கம் போனால் ரேம்ப் இடப்பக்கம். கண் மேலே போனால் பந்து இன்னும் உயரத்திலிருந்து கிளம்ப வேண்டும், அதாவது வேகம் வேண்டும். இமையை இறுக்கி மூடினால் 'அங்கேயே நிறுத்து'. சில நேரம் ஒரு விரற்கடை நகர்த்தச் சொல்வார். நகர்த்தினால் கண்ணை உருட்டுவார், அவர் கேட்டது அதில் பாதி. ஒவ்வொரு பந்துக்கும் இடையில் ரேம்பை வலமும் இடமும் தெளிவாக ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் மறுபடி குறிபார்க்க வேண்டும். அதனால் போன பந்தின் குறியை அப்படியே வைத்துக்கொண்டு சோம்பேறித்தனமாக அடுத்ததை உருட்டிவிட முடியாது. எல்லாம் முதலிலிருந்து.

ஆபீஸில் என் கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் மாமியார் மருந்திலிருந்து மகன் டியூஷன்வரை என் தலையில்தான். வாரம் முழுக்க எல்லோருக்காகவும் நான் யோசிக்கிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் எனக்காக ஒருவர் யோசிக்கிறார், அவர் சொன்னதை நான் செய்தால் போதும். இந்தச் சுகத்தை எந்த யோகா வகுப்பும் எனக்குத் தந்ததில்லை. நாலைந்து வகுப்புக்குப் பணம் கட்டியவள் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆட்டம். கேப்டன் நீலம், மேடம் சிவப்பு. (வெளியே நடக்கும் போட்டிகளில் இந்த இரண்டு வகையினரும் மோதிக்கொள்வதில்லை. எங்கள் கூடத்தில் யாருக்கும் யாரோடும் சண்டை போட உரிமை உண்டு.) நான்கு சுற்று ஆட்டம், கடைசிச் சுற்றுக்கு வரும்போது சமநிலை. தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் நடுவராக நின்ற பிசியோதெரபிஸ்ட் கத்துவதே கேட்கவில்லை. கேப்டன் கையில் ஒரே ஒரு பந்து பாக்கி. அவர் பார்வை என் தோளுக்கு மேலாகக் களத்தில் போய்க் குத்திட்டு நின்றது. உதட்டோரம் எச்சில் வழிய, துடைக்கட்டுமா என்று கேட்டால் 'சும்மா இரு' என்று ஒரு முறைப்பு. பிறகு கண் மேலே போனது. ரேம்பின் உச்சிக்குக் கொண்டுபோனேன். இன்னும் மேலே. அதற்கு மேல் குழாயே இல்லை! அப்போதுதான் புரிந்தது, மனுஷன் நைசாக ஒட்டவைக்கப் போவதில்லை, இடிக்கப் போகிறார். வலப்பக்கம் ஒரு நூல். இமை இறுகியது. பந்தை வைத்தேன். குச்சி விலகியது. குழாயில் சர்ரென்று ஓசை, தரையில் ஓர் உருளல், 'டொக்', உடனே இன்னொரு 'டொக்'. என் முதுகுக்குப் பின்னால் கூடமே எழுந்து கத்துகிறது. நானோ திரும்பக்கூடாது! கேப்டனின் முகத்தைப் பார்க்கிறேன். கழுத்து ஒரு பக்கம் வெட்டி இழுக்க, இரண்டு கையும் காற்றில் பறக்க, சக்கர நாற்காலியே ஆடுகிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா? நடுவர் டேப்பை எடுத்து அளக்கிறார், திருப்தியில்லாமல் காலிப்பரை எடுக்கிறார். சுற்று முடிந்தது என்று அவர் அறிவித்த பிறகுதான் திரும்பினேன். வெள்ளைப் பந்து முன்பு இருந்த இடத்தை விட்டு ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. அதன்மேல் சாய்ந்தபடி நீலம். ஒரு புள்ளியில் வெற்றி. மேடம் ஒரு வாரம் கேப்டனோடு பேசவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் தண்டனை, ரேம்ப் பிடித்த பாவத்துக்கு.

கேப்டன் பேசுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியின் டிரேயில் ஓர் எழுத்துப் பலகை உண்டு. தமிழில் 247 எழுத்தையும் அச்சடித்தால் பலகை சாப்பாட்டு மேசை அளவுக்குப் போய்விடுமே, என்ன செய்வது? உயிர் 12, மெய் 18, மொத்தம் 30 கட்டம், அவ்வளவுதான். ஆய்தமும் ஜ, ஷ, ஸ, ஹவும் ஒரு மூலையில். நான் வரிசை வரிசையாக விரலை நகர்த்திக்கொண்டே போவேன், அவர் கண்ணை மேலே தூக்கினால் 'அந்த வரிசை'. பிறகு கட்டம் கட்டமாக. 'ப்' கிடைத்ததும் உயிர்வரிசைக்குத் தாவினால் 'ஊ'. ஆக, பூ. இங்கேதான் நாக்கை அடக்க வேண்டும். "பூரியா?" என்று கேட்கத் துடிக்கும். கேட்கக்கூடாது. பூட்டாக இருக்கலாம், பூகம்பமாக இருக்கலாம், பூசாரியாகக்கூட இருக்கலாம். ஸ்பீச் தெரபிஸ்ட் முதல் நாளே எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்ன பாடம் இது: அவர் அனுமதி கொடுக்காமல் அவருடைய சொல்லை முடித்து வைக்காதீர்கள். ரேம்ப் பிடிப்பதும் இதுவும் ஒரே வேலைதான் என்பது கொஞ்சம் பழகிய பிறகு தானாகப் பிடிபடும்.

இந்த வேகத்தில் பேசுகிறவர் ஜோக் அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒருநாள் மதியம் எல்லோருக்கும் நான் வத்தக்குழம்புப் பக்குவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நல்லெண்ணெய், மணத்தக்காளி வற்றல், கடைசியில் துளி வெல்லம் என்று போய்க்கொண்டிருக்கும்போது கேப்டன் பலகையைத் தட்டினார். சுற்றி எட்டுப் பேர். எழுத்து எழுத்தாகக் கூட்டமே சேர்ந்து உரக்கப் படிக்கிறது. "ர... ரே... ரேம்ப்..." என் பெயர் அந்தப் பலகையில் அதுதான். "ரேம்ப் வா... வாயை..." அதற்குள் பாதிப்பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் அவர் முடிக்கிறவரை காத்திருந்தோம், ஓர் எழுத்து பாக்கி வைக்கவில்லை. அவமானப்படவும் ஒரு யோகம் வேண்டும், ஐயா!

சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலியும் டேப்லெட்டில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் அதுவே பேசும். பேச்சு வராதவர்களுக்காகச் செய்தது, உலகம் முழுக்கப் போயிருக்கிறது. கூடத்தில் பல பேர் அதில் வெளுத்துக்கட்டுகிறார்கள். கேப்டனுக்கு என்னவோ பலகைதான் பிடிக்கிறது. மெஷின் குரலில் திட்டினால் உறைக்க மாட்டேன் என்கிறதாம்.

மதியச் சாப்பாடு ஒரு தனிக்கலை. ஊட்டிவிடுவது என்றால் குழந்தைக்கு நிலாவைக் காட்டி ஊட்டுகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதுகு நேராக இருக்க வேண்டும், முகவாய் லேசாகக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். நாமும் எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும், நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டவே கூடாது. சின்ன ஸ்பூன். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்தது. பலருக்கும் சாதத்தைவிட ரசம்தான் ஆபத்து, தண்ணியாக இருப்பது சட்டென்று இறங்கிப் புரையேறும். அதனால் குழைத்த சாதத்தில் ரசத்தைப் பிசைந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். எல்லாம் சரி, ஆனால் எதை முதலில், எதைக் கடைசியில் என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம். கேப்டன் பாயசத்தில் ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டுமே! எங்கள் வீட்டில் நான் அப்படிச் செய்ய முடியுமா?

எங்களோடு வெளியே சுற்றுவதும் ஒரு கொண்டாட்டம். சக்கர நாற்காலியைத் தள்ளத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து பாருங்கள். கேட்காமல் கைப்பிடியைத் தொடக்கூடாது. நடைபாதையிலிருந்து இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் இறக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருந்தால்தான் அது சாய்தளம். நம் ஊரில் பல இடங்களில் நாலு படிக்கட்டின் மேல் சிமெண்டைப் பூசி, நீலத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஓர் ஓட்டல் வாசலில் அப்படி ஒன்றைப் பார்த்த கேப்டன் பலகையில் கேட்டார்: "இது ஏறவா, சறுக்கி விளையாடவா?" மேலாளர் எழுத்து எழுத்தாக நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை போய்ப் போராடிய பிறகு 2024-ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து, பலகை விரிந்து, நாற்காலி அப்படியே உள்ளே போகிறது. மேடம் முதல்முறை ஏறியபோது பேருந்து முழுக்கக் கேட்கும்படி, "ரைட், போலாம்!" என்று கத்தினார், கண்டக்டருக்கு முன்னால். மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். சாலைப் பக்கத்திலிருந்து அலை தெரியும் இடம்வரை, 260 மீட்டருக்கு மேல். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் சக்கரம் புதையும் என்பதால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் கடலைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்த ஆட்கள் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். நாங்கள் கும்பலாகப் போனோம். உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் கேப்டன் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் ஆவலாகப் பலகையைச் சூழ்ந்தோம். "சுண்டல். மசித்து." அவ்வளவுதான் வந்தது. கடல் அது பாட்டுக்குக் கிடந்தது.

இப்படிப்பட்ட இடங்கள் வானத்திலிருந்து விழவில்லை. 1972-ல் மிது அலூர் பம்பாயில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாதான் நம் நாட்டில் இந்தப் பாதையைப் போட்டது. அவருடைய மகளுக்கு மூளை முடக்குவாதம். அந்த மகள் மாலினி சிப் வளர்ந்து, ஒரே விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கியது இன்று வித்யாசாகர் என்று அறியப்படுகிறது. ஆவாஸ் செயலி பிறக்கவும் அந்த நிறுவனத்தின் துணை இருந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் நடக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் நிறுவியது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளின் பட்டியலை 21 ஆக்கியது. இதையெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியவரும் கேப்டன்தான், ஒவ்வோர் எழுத்தாக, ஒரு முழு மழைக்காலம் எடுத்துக்கொண்டு. கேள்வி கேட்டுப் பரீட்சையும் வைத்தார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மையம் இருக்கும். இந்த வாரமே போய்க் கேளுங்கள். பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அன்னதானத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அங்கே ஆள்தான் பஞ்சம். வாரம் தவறாமல் வரும் ஆள், சொன்னதைச் செய்யும் ஆள். துப்பட்டா, நீளமான சங்கிலி எல்லாம் வேண்டாம், சக்கரத்தில் மாட்டும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அழுகை வருகிறவர்கள் முதல் வாரமே வீட்டில் அழுதுவிட்டு வந்துவிடுவது நல்லது, இங்கே நேரம் கிடைக்காது.

எங்கள் கூடத்துக்கே வருவதானாலும் சந்தோஷம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு உள்ளூர்ப் போட்டி வைக்கிறோம், மேடத்துக்குப் பந்தை எடுத்துக் காலடியில் வைக்க ஓர் ஆள் உடனே தேவை. கோபக்காரர், ஆனால் தங்கமானவர். ஸ்கோர் எழுத ஒருவர் வேண்டும், சமையலறையில் ஒருவர் வேண்டும். கேப்டனின் ரேம்ப் பிடிக்க மட்டும் யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். அந்த இடத்தில் நான் இருக்கிறேன், எழுந்திருக்கிற உத்தேசமும் இல்லை.